ஆபிரகாமை எடுத்த ஞாயிறு

தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் சாம்பியன் ரீப்ஸில் ஒருவர் இறந்துபோனால் போன் போட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சர்ச் பேண்டு சொல்லிவிடும். ஒரு குறிப்பிட்ட பாட்டை நாங்கள் ஆரம்பித்தால் போதும், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவார்கள். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். இந்துவா, கத்தோலிக்கரா, எங்கள் சபையாரா என்பதெல்லாம் அப்புறம். முதலில் "யாரு?" என்பார்கள், அடுத்து "எப்ப எடுக்கறாங்க?" என்பார்கள். அந்தப் பாட்டுக்குப் புத்தகத்தில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. போதகர் ஐயாவைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது எடுப்புப் பாட்டு.

சாவைத் தவிர வேறு எதற்கும் அதை வாசிக்கக் கூடாது. ஒத்திகைக்குக்கூடக் கூடாது. ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்றால் கருவிகளைத் தூக்கிக்கொண்டு சயனைட் மேட்டுக்குப் போய்விடுவோம். சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகிப்போன இடம் அது. அங்கே ஊதினால் யார் காதிலும் விழாது. ஒரு தடவை புதிதாகச் சேர்ந்த கிளாரினெட்காரன் ஒருவன் சோம்பல்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நாலு வரி ஊதிப் பார்த்துவிட்டான். அவன் பக்கத்து வீட்டில் மரியகுழந்தை தாத்தா படுத்த படுக்கையாக இருந்தார். அவ்வளவுதான், மாலையும் கையுமாக ஒரு கும்பலே அவர் வீட்டுக்கு வந்து நின்றது. தாத்தா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலைகளை வாங்கி மாதா படத்துக்குப் போடச் சொல்லிவிட்டு, வந்தவர்களைப் பெயர் சொல்லிச் சொல்லித் திட்டினார். அதற்கப்புறமும் நன்றாகத்தான் இருந்தார்.

என் பெயர் ஜெயசீலி. அந்த பேண்டுக்கு நான்தான் மாஸ்டர். யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழலை வாசிக்கிறேன். மற்ற நாட்களில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொம்பளை எப்படி பேண்டு மாஸ்டராக இருக்கலாம் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் பவனியை நடத்திக் காட்டினேன், அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். வாரம் முழுக்க யாரிடமாவது பேச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டால் பஸ்ஸே நின்று வழிவிட வேண்டும். ஈஸ்டர் விடியலில் லைன் லைனாகப் போய் ஜனங்களை எழுப்புவதும் நாங்கள்தான், பக்கத்து ஊரிகம் கத்தோலிக்கர்களின் தேருக்கு முன்னால் நடப்பதும் நாங்கள்தான். ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு நாதஸ்வரக்காரர் வராமல் போனபோது கரகத்துக்கும் நாங்களே வாசித்தோம். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு லவினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நெல்சன், பெங்களூர்ப் பையன். அவளுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள், அப்பாவும் இல்லை. அதனால் பெண் வீட்டுப் பெரியவள் என்று நிற்க வேண்டியவள் நான்தான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் என் சமையலறைக்கு வந்து, கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, பேண்டுல ஒரு பாட்டு வோணும். வீட்லருந்து சர்ச்சுக்கு நடக்கறப்ப."

"ஒண்ணு இன்னாத்துக்கு, பத்து கேளு."

"எடுப்புப் பாட்டு."

பூண்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிற மாதிரி இல்லை.

"பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"எங்கப்பாவுக்கு யாரும் வாசிக்கல அத்தை."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. அவள் அப்பா ஆபிரகாம் எங்கள் பேண்டில் சின்ன டிரம்பெட் மாதிரியான கார்னெட் வாசித்தவர். சுரங்கத்தில் பாறை துளைக்கிற டிரில்லர், சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். எடுப்புப் பாட்டின் முதல் வரியைக் கார்னெட் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். அந்த ஒரு வரியை எங்கள் குடியிருப்பான இந்தக் கேம்பில் அத்தனை பேருக்கும் வாசித்தவர் அவர். தன் பெண்டாட்டியை எடுத்த அன்றைக்கும், வேறு யாரையும் ஊத விடாமல், ஒரு சுரம் பிசகாமல் ஊதிக்கொண்டே கல்லறை வரைக்கும் நடந்தார். கொரோனா இரண்டாவது அலையில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். உடம்பை ஊருக்குக் கொண்டுவர விடவில்லை. நீல உடுப்புப் போட்ட யாரோ நல்ல மனிதர்கள் அங்கேயே ஒரு கல்லறையில் அவசர அவசரமாகப் புதைத்தார்கள். லவினாவுக்கும் காய்ச்சல். அடைத்துவைத்த அறைக்குள் உட்கார்ந்து போனில் பார்த்தாள். அந்த வீடியோவில் சத்தம்கூட வரவில்லை.

"ஊருக்கே வாசிச்சாரு," என்றாள் லவினா. "அவரு போறப்ப ஒரு டிரம்கூட அடிக்கல. அவரை இன்னும் எடுக்கவே இல்லன்னு தோணுது எனக்கு. வீட்டைப் பூட்டிகினு நான் பாட்டுக்குக் கல்யாணம் பண்ணிகினு போய்ட்டா, அவரை உள்ள வச்சே பூட்டிட்டுப் போற மாதிரி கீது."

"கல்யாணத்துல வாசிக்க மாட்டேன்," என்றேன். "நீ பூ வச்சிகினு ரோட்டுல நடக்கறப்ப நாங்க அதை ஊதினா, லைன் ஜனம் மொத்தமும் மாலையோட வந்து நிக்கும்."

"சரி, விடுங்க." திரும்பிவிட்டாள்.

"இருடி. கல்யாணத்துல வாசிக்க மாட்டேன்னு சொன்னேன். உங்கப்பாவுக்கு வாசிக்க மாட்டேன்னா சொன்னேன்? அவரை வீட்லருந்து எடுப்போம். முறையா எடுப்போம். எடுத்த அப்பால நீ கல்யாணம் பண்ணிக்கோ."

சொல்லிவிட்டேனே தவிர, நாள் கிடைப்பது பெரிய பாடாக இருந்தது. ஞாயிறு தவிர வேறு நாளில் பேண்டு சேராது. வருகிற ஞாயிறு ஊரிகம் தேருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு கல்யாணத்துக்கு முந்தின நாள். திங்கட்கிழமை காலையில் கல்யாணம்.

பேண்டைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் பெரிய டிரம் அடிக்கிற ஆஸ்டின் எழுந்து நின்றுவிட்டார். சபைக் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான், எதற்கும் முதலில் மாட்டேன் என்று சொல்லிப் பழகியவர்.

"பொணம் இல்லாம எடுப்பா டீச்சர்? இன்னா பேச்சு இது? அதுவும் கல்யாணத்துக்கு மொத நாளு! அந்த மாப்ள அம்மா யாருன்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

தெரியாமல் என்ன. பாக்கியவதி அம்மாள். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துக் கறுப்பு மையில் வந்துவிட்டது என்று அத்தனையையும் திருப்பி அனுப்பி மறுபடி அச்சடிக்க வைத்தவர். பந்தல்காரனிடம் நேரடியாகப் போனில் பேசி, கறுப்புக் கயிறு கட்டக் கூடாது என்று சொன்னவர். பெண் வீட்டு வாசலிலிருந்து சாவு பேண்டு கிளம்பியது என்று தெரிந்தால் வண்டியை அப்படியே பெங்களூருக்குத் திருப்பிவிடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நெல்சனிடம் லவினா சொல்லியிருந்தாள். "செய்யி, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றானாம். நல்ல பையன்தான், ஆனால் அம்மாவுக்கு நடுங்குகிறவன்.

"அவங்க ராத்திரி ஜெபத்துக்குத்தான் வராங்க," என்றேன். "நாம மூணு மணிக்கு ஆரம்பிச்சா வெயில் எறங்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அவங்க வர்றப்ப பந்தல்ல சீரியல் லைட் எரிஞ்சிகினு இருக்கும்."

போதகர் ஐயாவிடம் போனோம். "ஜெபம் பண்ண நான் வரேன். பாட்டு உங்க பாடு," என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு.

"நீங்க மாஸ்டர்," என்றார் ஆஸ்டின் வெளியே வந்ததும். "நீங்க அடின்னா அடிக்கறேன். கல்யாணம் நின்னுதுன்னா என் பேரை மட்டும் இழுக்காதீங்க."

"நிக்காது," என்றேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது. நான் முடிவு செய்த காரியம் எதுவும் சாமானியத்தில் நின்றதில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாடும் ஆனதும் சர்ச்சின் பின்பக்கத்திலிருந்து சவ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். நாலு ரப்பர் சக்கரம் வைத்த தள்ளுவண்டி, அதன் மேல்தான் பெட்டியை வைப்போம். லவினா அதில் வெள்ளைத் துணி விரித்து, ஆபிரகாமின் படத்தை நிமிர்த்தி வைத்தாள். பேண்டுக் கோட்டோடு எடுத்த படம். ஆஸ்டின் டிரம்முக்கு முறைப்படி கறுப்புத் துணி சுற்றினார். வாழைமரம் கட்டின கல்யாணப் பந்தலுக்குக் கீழே அந்த வண்டி நிற்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. லவினா மருதாணி போட்ட இரண்டு கையாலும் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போதகர் ஐயா ஜெபம் செய்தார். நான் மனோகரைப் பார்த்துத் தலையாட்டினேன். மனோகர்தான் இப்போது எங்களுக்குக் கார்னெட். முதல் வரியைத் தனியாக எடுத்தான்.

கதவுகள் திறந்தன. எதிர் வீட்டில் ரத்தினம்மா ஓடி வந்தாள். "ஐயோ, கல்யாண வீட்லயா? யாரு? யாரு?"

ஆஸ்டின்தான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தார். "ஆபிரகாம்," என்றார்.

"எந்த ஆபிரகாம்?"

"நம்ம ஆபிரகாம்தான். கார்னெட்."

சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். ரத்தினம்மா வண்டியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து எங்கள் பின்னால் நடந்தாள். லைன் முழுக்க அப்படித்தான் நடந்தது. யார் என்று கேட்டார்கள், பதிலைக் கேட்டார்கள், வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர்கூட இதென்ன கூத்து என்று கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, என் ஊரைப் பற்றி.

அடுத்த லைன் முனையில் ஜெயம்மா நடுரோட்டில் நின்று கையைக் காட்டினாள். எடுப்பை வழியில் நிறுத்துகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் ஜெயம்மாவைத் தள்ளிவிட்டுப் போகவும் முடியாது. அவள் புருஷன் சம்பங்கி சர்ச் ஆள் இல்லை, நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனாலும் யார் வீட்டு எடுப்பாக இருந்தாலும் எங்களுக்கு முன்னால் நடந்து, துண்டை வீசி லாரிகளை நிறுத்துவது அவர்தான். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, அவராக எடுத்துக்கொண்ட வேலை. அவரும் அதே வருஷம், அதே காய்ச்சலில் போனவர். நான் கையைத் தூக்கினேன். பாட்டு நின்றது.

ஜெயம்மா கையில் சம்பங்கியின் படம் இருந்தது. சுவரிலிருந்து அப்போதுதான் பிடுங்கி எடுத்திருக்கிறாள், ஆணி அந்த வளையத்திலேயே தொங்கியது.

"எல்லாருக்கும் வழி வுட்டாரு டீச்சர்," என்றாள். "அவரு போறப்ப ஆம்புலன்ஸ் சத்தம்தான். நான் கிட்டக்கூடப் போவல. இவரையும் வண்டில வச்சிகினு போங்க."

ஆஸ்டின் என்னைப் பார்த்தார். நான் லவினாவைப் பார்த்தேன். அவள் தன் அப்பாவின் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் செய்தாள்.

அதோடு முடியவில்லை. ஜெயம்மா வைத்ததைப் பார்த்ததும் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு படம் வந்தது. அப்புறம் இன்னொன்று. சந்தன மாலை போட்ட படம், சிலுவை ஒட்டின படம், பெரிதுபடுத்த யாருக்கும் தோன்றாமல் போன பாஸ்போர்ட் சைஸ் படம். எங்கள் கேம்பில் அந்த வருஷம் இத்தனை பேரையா சத்தமில்லாமல் அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியில் இடம் போதாமல், பின்னால் வந்தவர்கள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நின்று நின்று போனதில் நான் போட்ட நேரக் கணக்கு மொத்தமும் தப்பிவிட்டது. கணக்கு டீச்சர் கணக்கு தப்புவது அபூர்வம். ஆனாலும் யாரிடமும் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லறை ரோடு திரும்புகிற இடத்தில் எதிரே ஒரு வெள்ளை டெம்போ டிராவலர் வந்து நின்றது. கண்ணாடியில் ரோஜாப்பூவும் நெல்சன், லவினா பெயர்களும். பெங்களூர் டிராபிக்குக்குப் பயந்து சீக்கிரமாகவே கிளம்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோடு காலியாகக் கிடந்திருக்கிறது.

ஆஸ்டினுக்குத் தாளம் தப்பியது. அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். "அடிங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த வரியை முடித்துத்தான் நிறுத்தினோம்.

பாக்கியவதி அம்மாள் பட்டுப் புடவையோடு இறங்கினார். பின்னால் நெல்சன், முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். கேம்பில் யாரோ தவறிப்போய்விட்டார்கள், மரியாதைக்கு நடக்கிறோம் என்று சொல்லிவிடலாம். பெரிய பொய்யும் இல்லை. வாயைத் திறப்பதற்குள் லவினா எனக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"யாரும்மா?" என்றார் பாக்கியவதி அம்மாள். குரல் கடுமையாக இருந்தது. "நீ இன்னாத்துக்கு இங்க நிக்கற? நாளைக்குத் தாலி கட்டிக்கப்போற பொண்ணு."

"எங்கப்பா, ஆன்ட்டி."

"உங்கப்பா தவறி நாலு வருஷம் ஆச்சுன்னு சொன்னியே."

"ஆமா. இன்னைக்குத்தான் எடுக்கறோம்."

பாக்கியவதி அம்மாள் வண்டியைப் பார்த்தார். கறுப்புத் துணி சுற்றின டிரம்மைப் பார்த்தார். படம் படமாகப் பிடித்துக்கொண்டு நின்ற ஜனங்களைக் கடைசி வரைக்கும் பார்த்தார். அவர் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது.

"அவருக்கு பேண்டு வைக்கல ஆன்ட்டி," என்றாள் லவினா. தலையைக் குனியவில்லை. "அவரை இப்படியே வுட்டுட்டு நான் எப்படி வர்றது? இது அபசகுனம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க. நான் நடுவுல வுட்டுட்டு வரமாட்டேன்."

பாக்கியவதி அம்மாள் திரும்பி டெம்போவை நோக்கி நடந்தார். நெல்சன் "அம்மா" என்று கூப்பிட்டபடி பின்னாலேயே போனான். நான் செய்த காரியத்தால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை நடுரோட்டில் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"நெல்சன், அந்தப் பெட்டியத் தொற," என்று கேட்டது அவர் குரல். "அது இல்லடா, பெருசு. அடியில கீது பாரு."

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு புதுப் பட்டு வேட்டி, கடைக் காகிதம்கூடப் பிரிக்காதது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை கட்டிக்கொள்ள எடுத்து வைத்தது. காகிதத்தைக் கிழித்துக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை உதறிப் பிரித்து, ஆபிரகாமின் படத்துக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டார். நீளம் மிச்சம் இருந்தது. அதைப் பக்கத்தில் இருந்த சம்பங்கிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இழுத்துவிட்டார்.

பிறகு நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதானே பொண்ணு வீட்டுக்குப் பெரியவங்க?"

"ஆமா," என்றேன்.

"உங்களுக்கு முறை தெரியுமா, தெரியாதா? சம்பந்தி வீட்டுக் கோடித் துணி விழாம யாராவது எடுப்பாங்களா? எனக்கு ஒரு போன் பண்ண மாட்டீங்க?"

நான் யூஃபோனியத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். லவினா ஓவென்று அழுதாள். நாலு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பாக்கியவதி அம்மாள் அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வண்டியின் கம்பியைப் பிடித்தார்.

"பையன் எங்க? டேய், வந்து தள்ளுடா, உன் மாமனாருடா," என்றார் நெல்சனிடம். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "ம், வாசிங்க," என்றார்.